மூச்சுக்கு ஒரு கணக்கு

படிப்பதற்கு முன்

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா? உங்கள் ஊரில் அதை எப்படிச் சொல்வார்கள்? சிலர் இழுப்பு என்பார்கள். சிலர் இரைப்பு என்பார்கள். சிலர் வீசிங் என்பார்கள்.

இந்தப் பாடத்தில் ஒரு குடும்பம் வருகிறது. அந்தக் குடும்பம் கற்பனை. அவர்கள் படும் கஷ்டம் கற்பனை அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான்.

1. அந்த இரவு

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர். அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறைய. அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்து குடியேறினார்கள். தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போய்த் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பிழைப்பு தேடி ஏராளமான பேர் தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள்.

மேரியும் அப்படித்தான். வயது 34. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. இருட்டோடு எழுந்து சமைப்பாள். விடியற்காலை ரயிலைப் பிடிப்பாள். இரவுதான் வீடு திரும்புவாள். கணவன் சேகர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு மகள், ஒரு மகன். மாமியார் லூர்தம்மாள். அவருக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எழுத்தறிவு மையத்தில் எழுதப் படிக்கக் கற்றார்.

மேரிக்கு ஆஸ்துமா. சாதாரண ஆஸ்துமா அல்ல. தீவிர ஆஸ்துமா என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜூன் 8ஆம் தேதி இரவு. காற்று வீசும் காலம் அது. தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மண் அந்த ஊரில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. சயனைடு மேடு என்று சொல்வார்கள். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள்ளும் வரும்.

இரவு 2 மணிக்கு மேரி எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு உள்ளே போகிறது. வெளியே வர மறுக்கிறது. தலையணைக்கு அடியில் கைவிட்டு நீல இன்ஹேலரை எடுத்தாள். அடித்தாள். மீண்டும் அடித்தாள். பத்துத் தடவைக்கு மேல் அடித்தும் குறையவில்லை. "அத்தை" என்று கூப்பிட நினைத்தாள். குரல் வரவில்லை. கையால் சுவரைத் தட்டினாள்.

சத்தம் கேட்டு லூர்தம்மாள் ஓடி வந்து விளக்கைப் போட்டார். மருமகளின் உதடு நீலமாக இருந்தது. சேகர் ஆட்டோவை எடுத்தான். அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். முகமூடி மூலம் மருந்து கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். விடியும் வேளையில்தான் மேரியால் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தது.

டாக்டர் அம்மா கேட்டார்: "தினமும் எடுக்கிற மருந்தை ஒழுங்காக எடுக்கிறாயா?"

"எடுக்கிறேன், டாக்டர்" என்றாள் மேரி.

2. மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"உங்களுக்குச் சுரங்கம் தெரியும். பூமிக்கு அடியில் இருப்பவனுக்குக் காற்று ஒரு பாதை வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாதை குறுகினால் என்ன ஆகும்? நம் நெஞ்சுக்குள்ளும் அப்படிப் பாதைகள் இருக்கின்றன. அவைதான் மூச்சுக்குழாய்கள். ஆஸ்துமாவில் அந்தப் பாதை மூன்று விதமாகக் குறுகும்.

ஒன்று, குழாயின் உட்சுவர் வீங்கும். இரண்டு, உள்ளே சளி கட்டும். மூன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி அதை நெரிக்கும்.

இதற்கு இரண்டு விதமான மருந்து. இரண்டுக்கும் வேலை வேறு."

அவர் சொன்னதை லூர்தம்மாள் கவனமாகக் கேட்டார்.

நீல இன்ஹேலரில் இருப்பது சால்பியூட்டமால். அது இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு வரும். ஆனால் நாலைந்து மணி நேரம்தான் தாங்கும். சுவரின் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. இது அவசர மருந்து.

மற்ற இன்ஹேலரில் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து இருக்கிறது. பியூடசோனைடு, பெக்லோமெத்தசோன், ஃபுளூட்டிகசோன் என்று அதற்குப் பல பெயர்கள். சிலருக்கு அதோடு ஃபார்மோட்டெரால் போன்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும். இது மெதுவாக வேலை செய்யும். நாள் தவறாமல் எடுத்தால்தான் வீக்கம் வடியும். இது தினசரி மருந்து.

"தினசரி மருந்தை விட்டுவிட்டு அவசர மருந்தை மட்டும் அடிப்பது எப்படி? கூரை ஒழுகும்போது ஓட்டை மாற்றாமல், கீழே பாத்திரம் வைப்பது போல. பாத்திரம் வைத்தால் தரை நனையாது. ஆனால் கூரை ஒருநாள் விழும்" என்றார் டாக்டர் அம்மா.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார்: "மேரிக்கு இன்னும் வலுவான மருந்து தரலாம். விலை அதிகமான ஊசிகளும் இப்போது வந்துவிட்டன. ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மருந்து போதவில்லையா? அல்லது மருந்து நெஞ்சுக்குள் போய்ச் சேரவில்லையா?"

தெரிந்துகொள்வோம்

உலகில் 26 கோடிப் பேருக்கு மேல் ஆஸ்துமாவுடன் வாழ்கிறார்கள். 2019இல் அந்த நோயால் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் 3 கோடிப் பேருக்கு மேல் ஆஸ்துமா இருப்பதாக அதே ஆண்டுக்கான மதிப்பீடு சொல்கிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 8 பேரில் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். ஆனால் இறப்பவர்களிலோ 10 பேரில் 4 பேர் நம் நாட்டவர். இவற்றில் மிகப் பல மரணங்கள் தடுக்கக் கூடியவை.

3. லூர்தம்மாள் போட்ட கணக்கு

வீட்டுக்கு வந்தார்கள். மேரி தூங்கிவிட்டாள். லூர்தம்மாள் மருமகளின் மருந்துப் பையை எடுத்து விளக்கடியில் உட்கார்ந்தார்.

தினசரி இன்ஹேலர் ஒன்று இருந்தது. அட்டைப் பெட்டியில் 120 என்று போட்டிருந்தது. ஒரு டப்பாவில் 120 தடவை மருந்து வரும் என்று பொருள். இன்ஹேலரின் பின்பக்கத்தில் சின்னச் சன்னல் போல ஓர் இடம். அதில் ஓர் எண் தெரிந்தது: 32. இன்னும் 32 தடவை மீதி இருக்கிறது.

கடைச் சீட்டில் தேதி பார்த்தார். மார்ச் 1.

நோட்டை எடுத்தார். பென்சிலால் எழுதினார்.

காலை 2, இரவு 2. ஒரு நாளைக்கு 4.
மார்ச் 1 முதல் ஜூன் 8 வரை 100 நாள்.
எடுத்திருக்க வேண்டியது 100 × 4 = 400.
எடுத்தது 120 − 32 = 88.
எடுக்காதது 400 − 88 = 312.

ஒரு டப்பா 30 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். 100 நாள் ஆகியும் தீரவில்லை.

பையின் அடியில் நீல இன்ஹேலர்கள் மூன்று கிடந்தன. ஒவ்வொன்றும் 200 தடவைக்கானது. இரண்டு காலி. மூன்றாவது பாதி. தினசரி மருந்து குறைந்தது. அவசர மருந்து ஏறியது. லூர்தம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

(ஓர் ஆண்டில் 3 அவசர இன்ஹேலரோ அதற்கு மேலோ காலியானால் அது எச்சரிக்கை மணி. உடனே டாக்டரைப் பாருங்கள். மாதம் ஒன்று காலியானால் உயிருக்கே ஆபத்து நெருங்குகிறது.)

சேகர் எட்டிப் பார்த்தான். கணக்கைக் கண்டதும் அவனுக்குக் கோபம். "காசு கொடுத்து வாங்கிய மருந்தை எடுக்காமல் பொய் சொல்லியிருக்கிறாள். எழுப்பிக் கேட்கிறேன்" என்றான்.

லூர்தம்மாள் தடுத்தார். "திட்டினால் மருந்து உள்ளே போகாது, சேகர். பொய்தான் வெளியே வரும். மேரி சோம்பேறி இல்லை. இருட்டோடு எழுந்து உழைக்கிறவள். அவள் மருந்தை விட்டாள் என்றால் காரணம் இருக்கும். நான் கேட்கிறேன்."

4. கேட்டார், சொன்னாள்

மறுநாள் மதியம். கீரை ஆய்ந்துகொண்டே லூர்தம்மாள் பேச்சை எடுத்தார்.

"மேரி, தினமும் மருந்து எடுப்பது யாருக்கும் கஷ்டம்தான். எனக்கே ரத்த அழுத்த மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மறந்துவிடும். உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?"

"ஏன் எடுக்கவில்லை?" என்று அவர் கேட்கவில்லை. "எது கஷ்டம்?" என்று கேட்டார். மேரியின் கண் நிறைந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"காசுதான் அத்தை. நீல இன்ஹேலர் விலை குறைவு. இன்னொன்று அதிகம். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் சம்பளம் வரும்வரை இழுக்கலாம் என்று பார்த்தேன்."

"அது மட்டும்தானா?"

"நன்றாக இருக்கும்போது எதற்கு மருந்து என்று தோன்றும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். உடம்பு ஊதிவிடும், பழகினால் விட முடியாது என்று ரயிலில் சொன்னார்கள்."

"அப்புறம்?"

மேரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள். "கல்யாணப் பேச்சு நடந்தபோதே எனக்கு இழுப்பு இருந்தது அத்தை. தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று அம்மா மறைக்கச் சொன்னாள். அப்போது தொடங்கிய பழக்கம். இன்றைக்கும் நாலு பேர் எதிரில் இன்ஹேலரை எடுக்கக் கை வராது. கழிப்பறைக்குள் போய் அடிப்பேன். ரயிலில் எங்கே போவது?"

லூர்தம்மாள் கீரையைக் கீழே வைத்தார்.

"உன் மாமனார் சுரங்கத்தில் 27 வருஷம் உழைத்தார். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தது. கடைசி இரண்டு வருஷம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அந்த நோயைத் திருப்ப மருந்து இல்லை. மருந்து இருந்தால் நான் தாலியை விற்றாவது வாங்கியிருப்பேன். உனக்கு வந்திருப்பது வேறு நோய். இதை அடக்க மருந்து இருக்கிறது. இந்த வீட்டில் மூச்சுக்காக இன்னொருவர் போகக்கூடாது, மேரி. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை."

அன்று முதல் மருந்து மேரி ஒருத்தியின் சுமையாக இல்லை. வீட்டின் வேலையாக ஆனது.

5. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வழி

காசு. லூர்தம்மாள் ஆஷா பணியாளர் சாந்தாவிடம் விசாரித்தார். சாந்தா வழி சொன்னார். அரசு மருத்துவமனையில் ஆஸ்துமா மருந்து இலவசமாகக் கிடைக்கும்போது அங்கேயே வாங்க வேண்டும். இருப்பு இல்லை என்றால் மக்கள் மருந்தகத்தில் கேட்க வேண்டும். அங்கே அதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல், குறைந்த விலையில் கிடைக்கும். மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டரின் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சால்பியூட்டமாலும், பியூடசோனைடும், பியூடசோனைடு ஃபார்மோட்டெரால் சேர்ந்த மருந்தும் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. பணம் போதவில்லை என்றால் மருந்தைப் பாதியாக்கக் கூடாது. அதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். விலை குறைந்த வேறு மருந்தை அவர் மாற்றி எழுதலாம்.

பயம். மேரியின் பயத்துக்கு டாக்டர் அம்மா ஒரு கணக்குச் சொன்னார். "சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதாவது 4,000 மைக்ரோகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம்தான். நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிய பிறகு நெஞ்சுக்கு வரும். இன்ஹேலர் நேராக நெஞ்சுக்கே போகும். அதனால் கொஞ்சம் போதும். தினசரி இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டும் அப்படித்தான். இது போதைப் பொருள் இல்லை. பழகி அடிமையாக்காது. அதிக அளவில் நீண்ட காலம் எடுப்பவர்களுக்குச் சில பக்கவிளைவுகள் வரலாம். அதைப் பார்க்கத்தான் என்னிடம் வரச் சொல்கிறேன். நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மூச்சு முட்டும்போதெல்லாம் கடையில் தானாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவதற்கு."

நன்றாக இருக்கும்போது விட்டுவிடுவது. நன்றாக இருப்பது மருந்தால்தான். மருந்தை நிறுத்தினால் வீக்கம் ஓசையில்லாமல் திரும்பும். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் தானாக நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சு குறைந்தால் குழந்தைக்கும் குறையும்.

மறதி. மேரி பல் பொடி வைக்கும் மாடத்திலேயே இன்ஹேலரையும் வைத்தார்கள். முதலில் மருந்து, பிறகு பல் துலக்கல். காலையிலும் அப்படி, இரவிலும் அப்படி. மருந்து எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையும் கூடவே முடிந்தது. காலண்டரில் மகள் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போட்டாள்.

குழப்பம். இரண்டு இன்ஹேலரும் ஒன்றுபோல இருந்தன. நிறத்தை மட்டும் நம்ப முடியாது. கம்பெனி மாறினால் நிறமும் மாறும். லூர்தம்மாள் இரண்டு சிறு காகிதம் வெட்டினார். ஒன்றில் "தினமும்" என்று எழுதினார். மற்றதில் "அவசரம்" என்று எழுதினார். எண் தெரியும் சன்னல் மறையாமல் ஒட்டினார். தினமும் என்ற இன்ஹேலரில் திறந்த தேதியையும் தீரும் தேதியையும் எழுதினார். (சிலருக்கு டாக்டர் ஒரே இன்ஹேலரை இரண்டு வேலைக்கும் தருவதுண்டு. உங்களுக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.)

வெட்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். லூர்தம்மாள் எல்லோர் எதிரிலும் தன் மாத்திரையை விழுங்கினார். பிறகு, "மேரி, உன் மருந்தையும் எடும்மா" என்றார். மேரி எடுத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் ரயிலிலும் எடுத்தாள். எதிர் இருக்கையில் இருந்த பெண் கேட்டாள்: "எனக்கும் இருக்கிறது அக்கா. நீங்கள் எந்த டாக்டரிடம் போகிறீர்கள்?"

வீட்டுப் புகை. சேகர் பீடியை விட்டான். ஒரே நாளில் விடவில்லை. முதலில் வீட்டுக்குள் நிறுத்தினான். பிறகு ஆட்டோவில் நிறுத்தினான். கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டினார்கள். காற்றடிக்கும் நாளில் மேட்டுப் பக்கத்துச் சன்னலை மூடினார்கள். ஈரத் துணியால் தரையைத் துடைத்தார்கள்.

6. காட்டு, பார்க்கலாம்

ஒரு நாள் சாந்தா வந்தார். "மேரி, இன்ஹேலரை எப்படி எடுக்கிறாய்? காட்டு, பார்க்கலாம்" என்றார்.

மேரி மூடியைக் கழற்றினாள். வாயில் வைத்தாள். அழுத்தினாள். வெடுக்கென்று இழுத்தாள். உடனே வாயைத் திறந்துவிட்டாள். மருந்து வாயிலிருந்து வெள்ளைப் புகையாக வெளியே வந்தது.

"நீ எடுத்த 88 தடவையிலும் பாதி இப்படித்தான் வெளியே போயிருக்கும்" என்றார் சாந்தா. பிறகு சரியான முறையைக் காட்டினார்.

1. மூடியைக் கழற்றுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள்.
2. நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது நில்லுங்கள்.
3. மூச்சை மெதுவாக முழுவதும் வெளியே விடுங்கள்.
4. வாய்ப்பகுதியைப் பற்களுக்கு இடையே வைத்து, உதடுகளை இறுக மூடுங்கள்.
5. மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்குங்கள். உடனே ஒரு தடவை அழுத்துங்கள். தொடர்ந்து ஆழமாக இழுங்கள்.
6. வாயை மூடிக்கொண்டு 10 வரை மனதுக்குள் எண்ணுங்கள். பிறகு மூச்சை விடுங்கள்.
7. இரண்டாம் தடவைக்கு அரை நிமிடம் பொறுங்கள். மறுபடி குலுக்குங்கள்.
8. தினசரி மருந்து எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெண்புண் வரலாம்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராதவர்களுக்கு ஸ்பேசர் உதவும். அது இன்ஹேலரின் முன்னால் மாட்டும் வெற்றுக் குடுவை. மருந்து முதலில் குடுவைக்குள் நிற்கும். பிறகு நிதானமாக இழுக்கலாம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது மிகவும் நல்லது. வாங்க வசதி இல்லாவிட்டால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்துகொள்ளலாம். செய்யும் முறையை மருத்துவப் பணியாளரிடம் கேளுங்கள்.

சிலருக்குப் பொடி இன்ஹேலர் தருவார்கள். அதில் காப்சூல் போட்டு இழுக்க வேண்டும். காப்சூலை விழுங்கக் கூடாது. பொடியை மெதுவாக அல்ல, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதக் கூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும்.

எண் காட்டாத இன்ஹேலரும் உண்டு. சிலர் அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அது நம்பத் தகுந்த சோதனை அல்ல. தேதி எழுதிக் கணக்கு வையுங்கள்.

7. வேறு வைத்தியம் பார்க்கலாமா?

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு யோசனை சொன்னார். ஹைதராபாத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம், மிருகசிர கார்த்தி நாளில் மீன் மருந்து தருகிறார்கள். சிறு விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து உயிரோடு விழுங்கச் செய்வார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் போய் வரிசையில் நிற்கிறார்கள்.

டாக்டர் அம்மா பாட்டியைக் கேலி செய்யவில்லை. "மூச்சு முட்டுகிறவர் எந்தக் கதவையும் தட்டுவார். அது தப்பில்லை. ஆனால் அந்த மருந்து ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. யார் எந்த வைத்தியம் சொன்னாலும் என்னிடம் சொல்லுங்கள். எதற்காகவும் இன்ஹேலரை மட்டும் நிறுத்தாதீர்கள்" என்றார்.

8. சுவரில் ஒட்டிய தாள்

டாக்டர் அம்மா சொன்னதை லூர்தம்மாள் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பச்சை: இரவில் நல்ல தூக்கம். வேலை செய்ய முடிகிறது. தினசரி மருந்தைத் தொடர வேண்டும்.

மஞ்சள்: இரவில் இருமல். அவசர மருந்து அடிக்கடி தேவைப்படுகிறது. மாடி ஏறினால் இளைக்கிறது. ஒன்றிரண்டு நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சிவப்பு: ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுக்கின்றன. உதடு நீலம். அவசர மருந்து கேட்கவில்லை. மயக்கம். உடனே 108 அல்லது மருத்துவமனை.

ஒரு முக்கியமான செய்தி. விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் மூச்சுத் திணறல் இருக்கிறது என்றால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்று பொருள். அது பெரிய ஆபத்து.

வண்டி வரும்வரை என்ன செய்வது?

நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சுற்றிக் கூட்டம் சேரவிடாதீர்கள். அவசர இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக ஒரு தடவை அழுத்தி, 4 மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். இப்படி 4 தடவை. பிறகு 4 நிமிடம் பொறுங்கள். குறையவில்லை என்றால் மறுபடி 4 தடவை. வண்டி வரும்வரை இதைத் தொடருங்கள். ஸ்பேசர் இல்லை என்றால் நேராகவே கொடுங்கள். தண்ணீர் குடிக்க வற்புறுத்தாதீர்கள்.

9. காலி டப்பா

மேரியின் ஆஸ்துமா போய்விடவில்லை. தீவிர ஆஸ்துமா அவ்வளவு எளிதில் போகாது. காற்றடிக்கும் மாதங்களில் இப்போதும் சில இரவுகள் இருமுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் அம்மாவைப் பார்க்கிறாள். மருந்து போதவில்லை என்றால் அடுத்து என்ன என்று அவர் யோசிப்பார். இப்போது அவரால் யோசிக்க முடியும். மேரி அவரிடம் உண்மையைச் சொல்கிறாள்.

நடுவில் ஒரு வாரம் மருந்து தவறியது. மகனுக்குக் காய்ச்சல். யாருக்கும் நினைவில்லை. காலண்டரில் கோடு இல்லாத கட்டங்களைப் பார்த்தான் சேகர். பழைய சேகராக இருந்தால் கத்தியிருப்பான். இப்போது இன்ஹேலரை எடுத்து வந்து நீட்டினான். "இன்றைக்கு ஆரம்பி" என்றான்.

நவம்பர் மாத முடிவில் ஒரு நாள். அதிகாலை. மேரி மருந்து எடுத்தாள். சின்னச் சன்னலில் 0 வந்தது. லூர்தம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒட்டிய தேதியைப் பார்த்தார். திறந்தது 30 நாளுக்கு முன். தீர்ந்தது இன்று. கணக்குச் சரி. நீல இன்ஹேலரோ செப்டம்பரில் வாங்கியது. இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

காலி டப்பாவைத் தூக்கிப் போட மேரி கையை ஓங்கினாள்.

"கொடு இப்படி" என்று லூர்தம்மாள் வாங்கிக்கொண்டார். "இன்று மாலை மையத்தில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அங்கே இரண்டு பேர் வீட்டில் இழுப்பு இருக்கிறது."

மேரி பையை மாட்டினாள். மூச்சு வாங்காமல் ரயிலுக்கு நடந்தாள்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்

1. மூச்சுக்குழாய் எந்த மூன்று விதமாகக் குறுகுகிறது?
2. தினசரி மருந்துக்கும் அவசர மருந்துக்கும் என்ன வேறுபாடு?
3. மேரி மருந்தை விட்டதற்கு என்னென்ன காரணங்கள்?
4. லூர்தம்மாள் "ஏன்?" என்று கேட்காமல் "எது கஷ்டம்?" என்று கேட்டார். அதனால் என்ன நடந்தது?

ஆ. கணக்குப் போடுங்கள்

1. ஓர் இன்ஹேலரில் 200 தடவை மருந்து இருக்கிறது. காலை 2, இரவு 2 எடுக்க வேண்டும். எத்தனை நாள் வரும்?
2. 120 தடவைக்கான இன்ஹேலரை ஒருவர் 20 நாளுக்கு முன் திறந்தார். நாளுக்கு 4 எடுக்க வேண்டும். சன்னலில் இப்போது 80 தெரிகிறது. அவர் எத்தனை தடவை தவறவிட்டார்?

இ. சரியா, தவறா?

1. மூச்சு நன்றாக வந்தால் தினசரி மருந்தை நிறுத்திவிடலாம்.
2. தினசரி இன்ஹேலர் எடுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.
3. மூச்சுத் திணறுபவரைப் படுக்க வைக்க வேண்டும்.

ஈ. செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் தினமும் மருந்து எடுப்பவர் யார்? ஆஸ்துமாவாக இருக்கலாம். சர்க்கரை நோயாக, ரத்த அழுத்தமாக, காசநோயாகவும் இருக்கலாம். அவருடைய மருந்தின் பெயர், வேளை, அளவு, காலாவதித் தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அவர் அருகில் உட்கார்ந்து கேளுங்கள்: "உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.